அலைனரை இரவில் மட்டும் போட்டால் பல்வரிசை சரியாகுமா?

கேள்வி: எனக்கு வயது 33. பள்ளியில் படிக்கும்போது பல்லுக்குக் கம்பிக் கிளிப் போட்டிருந்தேன். கழற்றியபோது, பல் பழைய இடத்துக்குப் போகாமல் பிடித்துவைக்கக் கொடுத்த ரிட்டெய்னரைக் கொஞ்ச நாள் போட்டேன், அப்புறம் விட்டுவிட்டேன். இப்போது கீழ் முன்பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன, மேலே வலதுபக்கக் கோரைப்பல் திரும்பிக்கொண்டு நிற்கிறது. மறுபடி கம்பி போட மனசில்லை. போனில் வாடிக்கையாளர்களிடம் பேசுவது என் வேலை, நாள் முழுக்கப் பேச வேண்டும். அதனால் பல்லின் மேல் கழற்றி மாட்டுகிற பிளாஸ்டிக் தட்டான அலைனரை இரவில் மட்டும் போடலாமா? ஒரு டாக்டரைப் பார்த்தேன். பற்களுக்கு நடுவே கொஞ்சம் தேய்க்க வேண்டும், பல்லின் மேல் சின்னச் சின்னப் புடைப்புகள் ஒட்ட வேண்டும், ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம் என்றார். தேய்த்தால் பல் வீணாகிவிடாதா? இதற்கிடையில், வீட்டுக்கே பெட்டி அனுப்பி நாமே அச்சு எடுத்துக்கொடுத்தால் டாக்டரைப் பார்க்காமலே சில மாதங்களில் முடித்துத் தருவதாக ஒரு விளம்பரம் வந்தது. தேய்ப்பதும் இல்லையாம், ஒட்டுவதும் இல்லையாம். யாரை நம்புவது? ஞானப்பல்தான் மற்ற பற்களைத் தள்ளியிருக்குமோ என்றும் ஒரு சந்தேகம்.

பதில்: இரவில் மட்டும் போட்டால் போதாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கான விடையும் இதோடு சம்பந்தப்பட்டதுதான். நீங்கள் பார்த்த டாக்டர் சொன்ன திட்டம், நீங்கள் எழுதியிருக்கிற அளவில், நியாயமாகவே தெரிகிறது. விளம்பரக்காரர் சொல்வதில் எனக்கு ஒப்பாதது நிறைய இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். உங்கள் வாயையும் எக்ஸ்ரேயையும் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அலைனர் தட்டு பல்லைத் தள்ளத்தான் செய்யும். பல் நகர்ந்து புது இடத்தில் நிற்க வேண்டுமென்றால் எலும்பு ஒத்துழைக்க வேண்டும். வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூடத் தேறாத ஒரு நார்ப்படலம் இருக்கிறது. தட்டை மாட்டியதும் பல் லேசாகச் சாய்ந்து அந்தப் படலத்தை ஒரு பக்கம் அமுக்குகிறது, மறுபக்கம் இழுக்கிறது. அமுங்கிய பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து சேர்கின்றன, இழுபட்ட பக்கத்தில் புது எலும்பு கட்டும் செல்கள் வேலையை ஆரம்பிக்கின்றன. இந்தச் செல்கள் வந்து சேரவே சில நாள் பிடிக்கும், அதுவரை அழுத்தம் தொடர்ந்து இருந்தாக வேண்டும். நீங்கள் இரவில் எட்டு மணி நேரம் அமுக்கிவிட்டு மீதிப் பதினாறு மணி நேரம் சும்மா விட்டால், நீண்டிருந்த ஈறு நார்களும் உதடும் நாக்கும் சேர்ந்து பல்லைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். மறுநாள் ராத்திரி மறுபடி தள்ள வேண்டும். பல் நகர்வதைவிட ஆட்டம் காண்பதுதான் அதிகமாக இருக்கும். முதல் இரண்டு மூன்று நாளில் அடங்க வேண்டிய வலி தினமும் புதுசாக வரும். இரவு மட்டும் போடும் திட்டங்களைச் சில நிறுவனங்கள் விற்றது உண்மைதான், ஆனால் திரும்பிய கோரைப்பல்லை அப்படிச் சரிசெய்ய முடியும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். சாப்பிட, பல் தேய்க்க, தண்ணீர் தவிர வேறு எதையாவது குடிக்க மட்டும் கழற்றலாம். ஒவ்வொரு தட்டும் ஒரு பல்லை ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் நகர்த்தும், அல்லது இரண்டு டிகிரி அளவு திருப்பும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. உங்கள் கோரைப்பல் 20 டிகிரி திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால் அதற்கு மட்டுமே குறைந்தது பத்துத் தட்டு வேண்டும், ஒரு தட்டை ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை போட வேண்டும், நடுவில் திருத்தங்கள் வேறு வரும். டாக்டர் ஒரு வருடத்துக்கு மேல் என்று சொன்னதில் எனக்கு ஆச்சரியமில்லை. சில மாதங்களில் முடியும் என்பவரிடம்தான், எந்தப் பல்லை எவ்வளவு நகர்த்தப் போகிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

இப்போது உங்கள் வேலைக்கு வருவோம். முதல் தட்டு போட்ட சில நாள் ச, ஸ, ஷ வருகிற சொற்களில் கொஞ்சம் மழலை தட்டும். தட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், பல்லின் பின்பக்கம் நாக்குக்குப் பழகிய இடம் மாறிவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் நாக்கு வழி கண்டுபிடித்துவிடும், அடுத்தடுத்த தட்டுகளில் இந்தத் தொல்லை அநேகமாக இருக்காது. முதல் தட்டை விடுமுறைக்கு முந்தின நாள் மாலையில் மாட்டுங்கள், மறுநாள் வீட்டில் எதையாவது சத்தமாகப் படியுங்கள். எதிர்முனையில் பேசுகிறவர் தன் புகாரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருப்பார், உங்கள் ச-வை எடைபோட அவருக்கு நேரமிருக்காது.

உங்களுக்கு உண்மையில் சிக்கல் தரப்போவது பேச்சு அல்ல, காபிக் கோப்பை என்பது என் கணிப்பு. நாள் முழுக்கப் பேசுகிறவர்கள் பக்கத்தில் டீயோ காபியோ வைத்துக்கொண்டு அரை மணிக்கு ஒரு வாய் என்று உறிஞ்சுவது வழக்கம். தட்டைப் போட்டுக்கொண்டே குடித்தால், சர்க்கரை கலந்த திரவம் தட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் புகுந்து தங்கிவிடும். வெளியில் இருந்தால் உமிழ்நீர் கழுவிவிடும், தட்டுக்கு அடியில் உமிழ்நீர் போக வழியில்லை. கொஞ்ச மாதத்தில் பல் வரிசையாகவும் இருக்கும், ஈறோரம் வெள்ளை வெள்ளையாகச் சொத்தை ஆரம்பித்தும் இருக்கும். சரி, ஒவ்வொரு வாய்க்கும் கழற்றி மாட்டலாமே என்றால், மேஜையில் கழற்றி வைத்த தட்டு அடுத்த அழைப்பு, அதற்கடுத்த அழைப்பு என்று அங்கேயே கிடக்கும், மாலையில் கணக்குப் பார்த்தால் 22 மணி நேரம் 15 ஆகியிருக்கும். வேலை நேரத்தில் வெறும் தண்ணீர் மட்டும், டீயோ காபியோ சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்துவிட்டு வாய் கொப்பளித்து உடனே மாட்டிக்கொள்வது என்று வைத்துக்கொள்ள முடிந்தால் அலைனர் உங்களுக்குச் சரிப்படும். முடியாது என்று தோன்றினால் இப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பல் நிறத்தில் வரும் பீங்கான் கிளிப் இருக்கிறது, பல்லின் உள்பக்கமாக ஒட்டுகிற கிளிப்பும் இருக்கிறது. கழற்ற முடியாது என்பது கிளிப்பின் குறை என்று சொல்வார்கள், ஒழுங்காகப் போட மறக்கிறவர்களுக்கு அதுதான் அதன் பெரிய வசதி.

தேய்ப்பதைப் பற்றி. இந்தப் பயம் கிட்டத்தட்ட எல்லோருக்கும் உண்டு, டாக்டர்கள் பாதிப்பேர் இதை அவசரமாகச் சொல்லிவிட்டுப் போவதால் பயம் இன்னும் கூடுகிறது. நெருக்கமாக நிற்கிற பற்களை நேராக நிறுத்த இடம் வேண்டும். இடம் கிடைக்கும் வழிகள் குறைவு. வரிசையை அகலப்படுத்தலாம், பற்களை முன்னால் சாய்க்கலாம், ஒரு பல்லை எடுக்கலாம், அல்லது பற்களின் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சம் குறைக்கலாம். 33 வயதில் தாடை தானாக வளராது. கீழ் முன்பற்களுக்கு முன்னால் உள்ள எலும்பு பலருக்கு மிக மெல்லியது, தேய்க்காமல் கொள்ளாமல் அத்தனை பற்களையும் முன்னால் தள்ளி வரிசையாக்கினால் வேர் எலும்பின் ஓரத்துக்கு வந்துவிடலாம், ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரியலாம். "தேய்க்க மாட்டோம்" என்கிற விளம்பரத்தைப் பார்த்ததும் எனக்கு எழும் முதல் கேள்வி, அப்படியானால் இடத்தை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதுதான்.

எவ்வளவு தேய்ப்பார்கள்? கீழே ஒரு கோரைப்பல்லிலிருந்து மறு கோரைப்பல் வரை பற்கள் தொடும் இடங்கள் ஐந்து. ஒவ்வொன்றிலும் 0.3 மில்லிமீட்டர் என்றால் மொத்தம் ஒன்றரை மில்லிமீட்டர் இடம் வந்துவிடும், லேசான நெருக்கத்துக்கு அதுவே பல சமயம் போதும். அந்த 0.3-ம் இரண்டு பல்லுக்கும் பிரிகிறது, ஆளுக்கு 0.15. பக்கவாட்டு எனாமலில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. எனாமலில் நரம்பு கிடையாது, அதனால் ஊசி போடத் தேவையிருக்காது. மெல்லிய உலோகப் பட்டை ஒன்றில் வைரத்தூள் பூசியிருக்கும், அதைப் பற்களின் நடுவே விட்டு முன்னும் பின்னும் இழுப்பார்கள். தலைக்குள் கரகரவென்று ஒரு சத்தம் கேட்கும், பல் இறுகுவது போல இருக்கும், அவ்வளவுதான். பிறகு ஒரு சின்ன அளவுகோலை நடுவில் செருகி எவ்வளவு இடம் வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு மெருகேற்றி, ஃபுளோரைடு தடவுவார்கள். இப்படி முறையாக மெருகேற்றிய இடங்களில் சொத்தை கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. இன்னொரு லாபமும் உண்டு. ஏறி நின்ற பற்கள் நேரானதும் ஈறோரம் முக்கோணமாக ஒரு கறுப்பு இடைவெளி தெரிய வாய்ப்பிருக்கிறது, பக்கவாட்டில் கொஞ்சம் குறைத்தால் பற்கள் நெருங்கி அந்த இடைவெளி சின்னதாகும். எந்த இரண்டு பற்களுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்பது உங்கள் திட்டத்தில் எழுதியே இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள். எழுத்தில் காட்டமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் தேய்த்துக்கொள்ள வேண்டாம்.

புடைப்புகளுக்கும் காரணம் உங்கள் கோரைப்பல்தான். வெட்டுப்பல் தட்டையாக இருப்பதால் தட்டு அதை நன்றாகக் கவ்வும். கோரைப்பல் கிட்டத்தட்ட உருண்டை, வழவழப்பான பிளாஸ்டிக் அதைத் திருப்பப் பார்த்தால் ஈரக்கையால் பாட்டில் மூடியைத் திருகுவது போல வழுக்கிக்கொண்டு போகும். பிடிமானத்துக்காகத்தான் பல் நிறத்தில், சொத்தை அடைக்கப் பயன்படும் அதே பொருளால் சின்னப் புடைப்பு ஒட்டுகிறார்கள். முடிந்ததும் அதைத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். தட்டு இல்லாதபோது உதட்டின் உள்பக்கத்தில் கொஞ்சம் உறுத்தும், தட்டு இருக்கும்போது மிகக் கிட்டத்தில் பார்த்தால் மட்டும் தெரியும்.

புடைப்பு ஒட்டினாலும் கோரைப்பல்லைத் திருப்புவது அலைனருக்குக் கடினமான வேலைகளில் ஒன்றுதான், பல்லைக் குழியிலிருந்து வெளியே இழுப்பதும் அப்படியே. கணினித் திரையில் பற்கள் வரிசையாக நகர்ந்து போய் நிற்கிற படத்தை உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். பார்க்க நன்றாக இருக்கும். 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் முன்பற்களுக்குத் திரையில் திட்டமிட்ட அசைவில் சராசரியாக 41 சதவீதம்தான் வாயில் நடந்திருந்தது, 2020-ல் அதே போன்ற ஆய்வைச் செய்தபோது 50 சதவீதம். மீதியைத் திருத்தத்தில் பிடிக்கிறோம். முதல் செட் முடிந்ததும் மறுபடி வாயை ஸ்கேன் செய்து கூடுதல் தட்டுகள் செய்வது சிகிச்சையின் சாதாரணப் பகுதி, ஏதோ தப்பாகிவிட்டது என்று பதற வேண்டாம். ஆனால் அந்தத் திருத்தம் பேசிய தொகைக்குள் அடக்கமா, எத்தனை தடவை வரை, கடைசியில் கொடுக்கும் ரிட்டெய்னரும் அதில் சேர்த்தியா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சண்டைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வருகின்றன.

வீட்டுக்கு வரும் பெட்டி. 1997-ல் அமெரிக்காவில் தொடங்கிய அலைன் டெக்னாலஜி நிறுவனத்துக்கு அடுத்த வருடம் அந்நாட்டு அரசின் அனுமதி கிடைத்தது, இன்விசலைன் என்கிற அலைனர் அப்படித்தான் வந்தது. அதன் முக்கியக் காப்புரிமைகள் 2017 முதல் ஒவ்வொன்றாகக் காலாவதியாகத் தொடங்கின, முப்பரிமாண அச்சு இயந்திரங்களும் மலிந்துவிட்டதால் இன்றைக்குத் தட்டு தயாரிப்பது யாருக்கும் பெரிய காரியமில்லை. எந்தப் பல்லை எங்கே, எந்த வரிசையில் நகர்த்துவது என்று தீர்மானிப்பதும், நடுவில் தடம் மாறினால் பிடிப்பதும்தான் சிகிச்சை, அந்தப் பெட்டியில் அது இருக்காது. நேரடியாக வாடிக்கையாளருக்கே விற்ற ஸ்மைல்டைரக்ட்கிளப் என்ற அமெரிக்க நிறுவனம் 2014-ல் தொடங்கி, 2023 செப்டம்பரில் திவால் மனு கொடுத்து, டிசம்பரில் மூடப்பட்டது. சிகிச்சை நடுவில் இருந்தவர்களை உள்ளூர் பல் டாக்டரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், தவணையில் வாங்கியவர்கள் தவணையைத் தொடர்ந்து கட்டவும் வேண்டும் என்றார்கள். உங்களுக்கு வந்த விளம்பரம் வேறு ஆளாக இருக்கலாம், இருந்தாலும் பாதியில் நின்றால் யாரிடம் போவது என்ற கேள்வி அங்கேயும் உண்டு.

இதைவிட முக்கியமான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. உங்களுக்கு ஏற்கெனவே ஒருமுறை கம்பி போட்டுப் பற்களை நகர்த்தியிருக்கிறார்கள். பல்லை நகர்த்தும்போது சிலருக்கு வேரின் நுனி கரைந்து குட்டையாகும். பெரும்பாலும் அது பாதிக்காத அளவில் நின்றுவிடும், சிலருக்கு அதிகமாகவும் ஆகியிருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, வலியும் இருக்காது. அந்தப் பல்லையே இரண்டாவது தடவை நகர்த்தும் முன்னால் வேர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்த்தே ஆக வேண்டும். ஈறைச் சுற்றிச் சின்ன அளவுகோல் விட்டு எலும்பு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும், ஈறு நோய் இருக்கும்போது பல்லைத் தள்ளினால் பல் ஆடி விழுந்தே போகலாம். வீட்டில் பசையைக் கடித்து எடுக்கிற அச்சில் இது எதுவும் பதியாது. முன்பற்கள் நேராகி, ஆனால் கடைவாய்ப்பற்கள் ஒன்றோடொன்று முட்டாமல் சாப்பாட்டை மெல்லக் கஷ்டப்பட்டு வருகிறவர்களையும் பார்க்கிறேன், கடிப்பு மாறுவதை நடுவில் யாராவது பார்த்திருந்தால் தடுத்திருக்கலாம்.

ஞானப்பல்லைச் சந்தேகப்பட வேண்டாம். அது பின்னாலிருந்து தள்ளி முன்பற்களை நெருக்குகிறது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. ஞானப்பல்லே இல்லாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்குகின்றன, கிளிப்பே போடாதவர்களுக்கும் நெருங்குகின்றன. சொத்தையோ, அடிக்கடி வீக்கமோ, பக்கத்துப் பல்லை அரிப்பதோ இருந்தால் எடுக்கலாம். முன்வரிசைக்காக மட்டும் எடுக்க வேண்டியதில்லை.

உங்கள் பற்கள் பழையபடி போனதற்குக் காரணம் ரிட்டெய்னரை விட்டதுதான் என்று உங்களுக்கே தெரியும், அதைச் சொல்லித் திட்டப் போவதில்லை. பலருக்கு அதை எவ்வளவு நாள் போட வேண்டும் என்று யாரும் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். பல் புது இடத்துக்கு வந்த பிறகும், கழுத்தைச் சுற்றியுள்ள ஈறு நார்கள் பழைய இடத்து நினைவிலேயே இழுத்துக்கொண்டிருக்கும், அவை தளர்ந்து மறுபடி அமைய ஒரு வருடம் வரை ஆகும். திருப்பி நிறுத்திய பல்தான் இதில் முதலில் கைவிட்டுப் போகும், அதாவது உங்கள் கோரைப்பல். நீங்கள் கேட்ட இரவு மட்டும் போடும் தட்டு உங்களுக்கு உண்டு, ஆனால் சிகிச்சை முடிந்து, முதல் சில மாதம் டாக்டர் சொல்கிற மாதிரி நாள் முழுக்கப் போட்ட பிறகு. கீழ் முன்பற்களுக்கு நாக்குப் பக்கமாக ஒரு மெல்லிய கம்பி ஒட்டிவிடச் சொல்லிக் கேளுங்கள், வெளியே தெரியாது, அதன் அடியில் காரை படியாமல் சுத்தம் செய்ய மட்டும் பழக வேண்டும். எத்தனை வருடம் என்றால், பல் நேராக இருக்க வேண்டும் என்று நினைக்கிற வரைக்கும். இதற்கு ஒப்புக்கொள்ள மனமில்லையென்றால் இரண்டாவது சிகிச்சைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஆரம்பிக்கிறீர்கள் என்றால் அன்றாட விஷயங்கள் சில. கழற்றும்போது முன்னாலிருந்து இழுக்காதீர்கள், தட்டு விரிசல் விடும். கடைசிக் கடைவாய்ப்பல்லின் உள்பக்கத்தில் ஆள்காட்டி விரல் நகத்தைக் கொடுத்து, ஒரு பக்கம் விடுபட்டதும் மறுபக்கம், கடைசியாக முன்னால் என்று எடுங்கள். முதல் வாரம் கண்ணாடி முன்னால் போராட வேண்டியிருக்கும், அப்புறம் ஒரு நொடி வேலை. மாட்டும்போது விரலால் அழுத்தி உட்காரவைத்துவிட்டு, இதற்கென்றே டாக்டர் கொடுக்கும் ரப்பர் உருளையைப் பல் பல்லாக நகர்த்தி ஐந்து நிமிடம் கடியுங்கள். விரலால் அழுத்தாமல் வெறும் பல்லால் கடித்தே தட்டை உட்காரவைக்கும் பழக்கம் வேண்டாம். சாப்பிடும்போது கழற்றினால் அதன் டப்பாவில்தான் வைக்க வேண்டும். டிஷ்யூ காகிதத்தில் சுற்றி வைத்த தட்டு எச்சில் தட்டோடு குப்பைக்குப் போவது எல்லா ஊரிலும் நடக்கிறது, நாய் வளர்க்கிறவர்களுக்கு நாயும் ஒரு எதிரி. வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும், பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து மங்கும், மென்மையான பிரஷ்ஷும் லேசான சோப்பும் சாதாரணத் தண்ணீரும் போதும்.

வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் கண்ணாடியைப் பார்த்து, கோரைப்பல்லின் நுனிக்கும் தட்டின் உள்பக்கத்துக்கும் நடுவே காற்று இடைவெளி தெரிகிறதா என்று கவனியுங்கள். புதுத் தட்டு போட்ட முதல் ஓரிரு நாள் கொஞ்சம் தெரியலாம். தட்டை மாற்றும் நாளிலும் அந்த இடைவெளி அப்படியே இருந்தால் பல் பின்தங்கிவிட்டது என்று அர்த்தம், தேதி வந்துவிட்டதே என்று அடுத்ததுக்குப் போகாமல் இதையே இன்னும் சில நாள் போட்டுக்கொண்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். தட்டு தொலைந்தால், அடுத்தது பொருந்துகிறதா, இல்லையென்றால் முந்தினது பொருந்துகிறதா என்று பார்த்து ஏதாவது ஒன்றை உடனே மாட்டிவிட்டுத்தான் போன் செய்ய வேண்டும், வாயைக் காலியாக விடக் கூடாது. பழைய தட்டுகளில் கடைசி ஒன்று இரண்டையாவது எறியாமல் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை: பல்லில் உறை ஏதாவது போட்டிருக்கிறீர்களா, செயற்கை வேர் வைத்த பல் இருக்கிறதா (அது நகரவே நகராது, திட்டத்தையே அதைச் சுற்றித்தான் போட வேண்டும்), எலும்பு வலுவுக்கு மருந்து எதுவும் எடுத்துக்கொள்கிறீர்களா, கர்ப்பமாக இருக்கிறீர்களா. பல் சுத்தம் செய்வதும் சொத்தை அடைப்பதும் ஸ்கேனுக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும், பிறகு செய்தால் பல்லின் வடிவம் மாறித் தட்டு பொருந்தாமல் போகும்.

நீங்கள் பார்த்த டாக்டர் பல் சீரமைப்பில் மேற்படிப்பு படித்தவரா என்று எழுதவில்லை. இல்லையென்றால் அப்படிப்பட்ட ஒருவரிடம் இன்னொரு முறை காட்டுங்கள், முக்கியமாகக் கோரைப்பல்லுக்காக. அதை மட்டும் கொஞ்ச காலம் கிளிப் போட்டுத் திருப்பிவிட்டு மீதியை அலைனரில் முடிக்கலாம் என்று அவர் சொன்னால், உங்களுக்கு மனசில்லை என்பது தெரிந்தும் சொல்கிறேன், யோசித்துப் பாருங்கள், நேரம் மிச்சமாகலாம். எக்ஸ்ரேயில் வேர்கள் குட்டையாகத் தெரிகின்றன என்று சொன்னால், எந்தப் பல், எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு மறுபடி எழுதுங்கள், அப்போது மேலே சொன்னதில் பாதியை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.